குறை: இல்லை

"நீங்கல்லாம் ஒரு மனுஷனா? நம்ம பகுதியில குறை எதுவும் இல்லைன்னு எழுதிக் கொடுத்துட்டு வந்திருக்கீங்களே!"

விண்ணப்பத்தின் நகல் மனைவியின் கையில் இருந்தது. தையல்காரர் மிஷினை நிறுத்தினார்.

"மெதுவாப் பேசு. பெரியவ காதுல விழப்போகுது."

"விழட்டும். கால்வாயில விழுந்தவளுக்குக் காதுல விழுந்தா என்ன குறைஞ்சுடப் போகுது?"

போன மழையில், எது தெரு எது கால்வாய் என்று தெரியாமல் தண்ணீர் நிறைந்திருந்த ஒரு காலையில், பள்ளிக்குப் புறப்பட்ட மூத்த மகள் மூடியில்லாத அந்தக் கால்வாயில் விழுந்தாள். உயிர் பிழைத்தாள். வலது கால் மட்டும் பழையபடி ஆகவில்லை.

"ஸ்கூல் திறந்ததும் சின்னவளும் அதே வழியாத்தான் போகணும். ஞாபகம் இருக்கா, இல்லையா?"

"இருக்கிறதாலதான் அப்படி எழுதினேன்."

அந்தப் பகுதியில் ஆண்டுதோறும் எந்த வேலை நடக்க வேண்டும் என்று முடிவு செய்ய, அங்கே குடியிருப்பவர்களில் ஐந்து பேரைக் கொண்டு ஓர் ஆலோசனைக் குழுவை நகராட்சி அமைத்துவந்தது. விண்ணப்பத்தின் கடைசிக் கேள்வி: உங்கள் பகுதியில் குறை ஏதேனும் உண்டா?

மகள் விழுவதற்கு முன்பிருந்தே இரண்டு ஆண்டுகள், அந்தக் கேள்விக்கு நேரே கால்வாயைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார் தையல்காரர். இரண்டு முறையும் நிராகரிக்கப்பட்டார். மூன்றாம் முறை, அலுவலக எழுத்தர் இரக்கப்பட்டுக் காதில் ஓதினார்.

"குறை சொன்னா நீங்க சம்பந்தப்பட்ட ஆளாயிடறீங்க ஐயா. ஆலோசனை சொல்றவர் நடுநிலையா இருக்க வேண்டாமா?"

அதைத்தான் மனைவியிடம் சொன்னார்.

"உள்ள போறதுக்கு ஒரே ஒரு பொய். போயிட்டேன்னா, முதல் கூட்டத்துலயே உண்மையைப் போட்டு உடைச்சுட மாட்டேன்?"

"பொய்யைக் கையில பிடிச்சுக்கிட்டுப் போறவரு, உண்மையை எதுல வச்சுக் கொண்டு போவீங்களாம்?"

"சட்டைப் பையில."

மனைவி சிரித்துவிட்டாள். பல மாதங்களுக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு அது.

நியமனக் கடிதம் மறுவாரமே வந்தது. கூட்டத்தன்று காலையில், மூத்த மகள் தன் குண்டு குண்டான எழுத்தில் கால்வாய் மனுவை எழுதித் தந்தாள். அப்பா அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கூட்ட அறையில் ஒரு நீள மேசை. ஐந்து நாற்காலிகளில் தையல்காரர், மருந்துக்கடைக்காரர், ஓய்வுபெற்ற தபால்காரர், ஒரு நர்ஸம்மா, பள்ளி வேன் டிரைவர். எல்லாரும் அந்தக் கால்வாயோரம் குடியிருப்பவர்களே.

நகராட்சித் தலைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"உறுப்பினர்கள் ஐவருமே தங்கள் பகுதியில் குறை எதுவும் இல்லை என்று கைப்பட எழுதித் தந்திருப்பதால், கால்வாய்க்கு மூடி போடும் வேலை கைவிடப்படுகிறது. அதற்குப் பதிலாக, பகுதியின் நுழைவாயிலில் ஓர் அலங்கார வளைவு கட்டப்படும். ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க."

தையல்காரர் எழுதிய பொய், அவருக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது.

எழுந்து பேசிவிடலாம் என்று நினைத்தார். அதற்குள் மருந்துக்கடைக்காரரின் கை உயர்ந்துவிட்டது.

'அடப்பாவி! காலுக்குக் கட்டு வாங்க ஓடினப்ப, எம் பொண்ணைப் பார்த்துக் கண்ணைத் துடைச்சுக்கிட்ட ஆளாச்சே நீ!'

அடுத்து தபால்காரர். பிறகு நர்ஸம்மா. வேன் டிரைவர்.

நான்கு கைகள். நான்கு ஜால்ராக்கள். தனியாளாக எதிர்த்தால் இன்றைக்கே நாற்காலி போய்விடும். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். உண்மையை அடுத்த மாதத்துக்கு ஒத்திவைக்கிறவர், அதுவரை அதற்கு யார் காவல் என்று ஒருபோதும் கேட்டுக்கொள்வதில்லை.

ஐந்தாவது கையும் உயர்ந்தது.

"ஒருமனதாக நிறைவேறியது. ரொம்ப நல்ல குழு!" என்று தலைவர் பூரித்துப்போய் எழுந்தார்.

எல்லாரும் வாசலுக்கு வந்தபோது, மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த ஆயா கூப்பிட்டாள்.

"ஐயா, நாற்காலிக்கடியில ஒரு காகிதம் கிடக்குது. 'எங்கள் கால்வாய்க்கு உடனே மூடி போட வேண்டி...'ன்னு எழுதியிருக்கு. யாரோடது?"

தையல்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. நல்லவேளை, மனு உள்ளேதான் இருந்தது.

நிமிர்ந்து பார்த்தார்.

தபால்காரரின் கை அவருடைய தோள்பைக்குள் இருந்தது. நர்ஸம்மாவின் கை கைப்பைக்குள். வேன் டிரைவரின் கை பேன்ட் பைக்குள். மூவரும் எதையோ தொட்டுப் பார்த்து, பெருமூச்சு விட்டார்கள்.

மருந்துக்கடைக்காரரின் கை மட்டும், சட்டைப் பையிலிருந்து வெறுமையாக வெளியே வந்தது.

ஐவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த தலைவர் திரும்பினார்.

"என்ன மனு அது? யாரோடது?"

"என்னோடது இல்லைங்க," என்றார் மருந்துக்கடைக்காரர்.

"நான் கொண்டுவரலை," என்றார் தபால்காரர். நர்ஸம்மாவும் டிரைவரும் இல்லையென்று தலையை ஆட்டினார்கள்.

ஆயா தையல்காரரைப் பார்த்தாள்.

"என்னோடதும் இல்லைம்மா," என்றார் அவர், மகளின் குண்டு எழுத்தை நெஞ்சோடு அழுத்திப் பிடித்தபடி.