மின்விசிறிக் குழு

"மேம், இதை நீங்களே வச்சுக்கங்க" என்று மின்விசிறியை நீட்டினாள் கிரிசல்.

வகுப்பின் கூரை மின்விசிறி போன வாரமே நின்றுபோயிருந்தது. வெளியே இலோயிலோ நகரின் ஏப்ரல் வெயில். இருப்பது ஆய்வுக்கூடத்திலிருந்து எடுத்து வந்த இந்த மேசை மின்விசிறி ஒன்றுதான்.

வில்லாருஸ் டீச்சருக்கு எட்டு மாதம். கழுத்தெல்லாம் வியர்வை.

"நாப்பது பேர் வேகுறீங்க, எனக்கு மட்டும் காத்தா? சோதனைக்குக் கொண்டுவந்தது. செடிக்கு வைங்க."

"அப்ப எங்க குழுவுக்குக் குடுங்க மேம்" என்று பாய்ந்து வாங்கிக்கொண்டான் ஜெர்வின்.

"மேம் வேணாம்னு சொல்லி வாய மூடல, அதுக்குள்ள பறக்குறான் பாரு" என்றாள் கிரிசல். வகுப்பே 'ச்சீ' என்றது.

அவன் பறந்ததற்குக் காரணம் இருந்தது. செம்பருத்திக் கிளையின் அடியைக் கண்ணாடிக் குழாய் நீரில் செருகியாயிற்று. இலைகள் நீரை ஆவியாக விட விட, கிளை உறிஞ்சும், குழாயில் காற்றுக்குமிழி நகரும்; வெயிலோ காற்றோ பட்டால் இன்னும் வேகமாக. எந்தக் குழுவின் குமிழி அதிக தூரம் ஓடுகிறதோ, அந்தக் குழு கப்பலேறி மணிலா அறிவியல் விழாவுக்குப் போகும்.

கிரிசல் குழு ஜன்னல் வெயிலைப் பிடித்தது. ஜெர்வின் குழு முன்வரிசை மேசையில் மின்விசிறியை வைத்தது. டீச்சர் விடைத்தாள் திருத்த உட்கார்ந்தார்.

"ஓடுதுடி, ஓடுதுடி!"

"மூச்சு விடாத, குழாய் ஆடுது."

"அஞ்சு தாண்டிடுச்சு. மணிலாவுக்குப் பெட்டியக் கட்டு."

அரை மணி நேரம் ஒருவரும் உட்காரவில்லை. டீச்சர் எழுந்து வந்து அளந்தார். வெயில் குழுவுக்கு ஒன்பது சென்டிமீட்டர். ஜெர்வின் குழுவுக்கு இரண்டு.

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. "பிடுங்கிட்டுப் போனியே, நல்லா வேணும்" என்றாள் கிரிசல்.

தன் மேசைக்குத் திரும்பிய டீச்சருக்குக் கோபம் வந்தது. "மின்விசிறியைப் பக்கத்துல வச்சுக்கிட்டு ரெண்டா? சும்மா ஓட்டி விளையாடினீங்களா? அவ்வளவு காத்தும் எங்கடா போச்சு?"

ஜெர்வின் தலையைச் சொறிந்தான். அவன் குழுவில் மற்ற மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தோற்றவர்களின் முகமாகவே இல்லை.

"கேக்குறேன்ல, சொல்லு" என்ற டீச்சர், மேசையிலிருந்து பறக்கப் பார்த்த விடைத்தாள்களைச் சட்டென்று கையால் அழுத்தினார்.

அரை மணி நேரமாகத் தனக்கு வியர்க்கவே இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.