கரை உடைவதற்கு முந்தின நாள்

எச்சரிக்கப் போன ஊர்களிலெல்லாம் பைத்தியம் என்று அடித்து விரட்டியிருந்தார்கள். அந்த அலுப்போடுதான் மாசிலாமணி காலத்தைத் தாண்டி இந்த நகரத்துக்கும் வந்தான். மறுநாள் ஏரிக்கரை உடையும். தெருவில் இப்போதே கணுக்கால் அளவு தண்ணீர். அவன் வந்து இறங்கிய முனையில், தலையில் மூட்டையும் இடுப்பில் பிள்ளையுமாக ஒரே ஒருத்திதான் ஊரை விட்டுப் போய்க்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள்.

மற்ற சனமெல்லாம் கோயிலில் இருந்தது. அங்கே மூன்று பீடங்களில் மூன்று கடவுள்கள் உயிரோடு உட்கார்ந்திருந்தார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு கிட்டே போனான். நடுவில் இருந்தவரின் இடது புஜத்தில், சந்தனப் பூச்சுக்கு அடியில், அம்மைத் தடுப்பூசி போட்ட தழும்பு தெரிந்தது.

"நீங்களும் நம்ம காலத்து ஆளுங்கதானா? கரை உடையப்போகுதுன்னு இவங்ககிட்ட சொல்லலையா?" என்றான் மெதுவாக.

"தொண்டை கிழியச் சொன்னோம்." கடவுளின் கண்ணுக்குக் கீழே கருவளையம். "சாமியே வந்து பக்கத்துல உட்கார்ந்திருக்கு, நாங்க எதுக்கு ஓடணும்ங்கிறாங்க. அது போகட்டும், நீ வந்து இறங்கினதை யாரும் பார்க்கலையே?"

மாசிலாமணி திரும்பினான். மூட்டைக்காரி கோயில் படியேறி வந்துகொண்டிருந்தாள்.

"நிக்காதம்மா, ஓடு!" என்று கத்தினான்.

அவள் கண் கலங்கக் கும்பிட்டாள். பிள்ளையை அவன் காலடியில் உட்கார வைத்தாள். பிறகு மூட்டையை அவிழ்த்து, பொங்கல் வைக்கப் பானையை எடுத்தாள்.