கரண்ட் இல்லாத நேரம்

“பெத்த புள்ளையாட்டம் மடியில வச்சினு கீறியேபா, கப்பிய யாரு பாக்கறது?” என்று பின்னாலிருந்து கேட்டான் படகோட்டி சின்னராசு.

லோகுவின் மடியில் இருந்தது ஒரு மோட்டார். மனைவியின் பழைய புடவையில் சுற்றி, உப்புத்தண்ணீர் ஒரு சொட்டு படாமல் பழவேற்காடு ஏரியின் பாதிவரை கொண்டுவந்துவிட்டான். அதற்குள் பாய் ஏற்றும் கப்பி துருவேறிச் சிக்கிக்கொண்டது. படகின் இன்ஜின் படுத்து இரண்டு மாதமாகிறது, காற்றை விட்டால் வேறு கதியில்லை.

பாய்மரத்தைச் சாய்த்து, கப்பிக்கு மண்ணெண்ணெய் விட்டுத் தட்டினான் லோகு. தேய்ந்துபோன அச்சுக்குப் பதிலாகத் தன் பையிலிருந்த ஒரு போல்ட்டைச் செருகினான். பாய் மேலே போனது. தேர்தல் பேனரை வெட்டித் தைத்த பாய் அது. யாரோ ஒரு வேட்பாளர் கை கூப்பியபடி காற்றில் உப்பினார். ஏரியில் அப்படி ஒரு பாய் வேறு எந்தப் படகுக்கும் கிடையாது.

ஏரிக்குள் தீவாக நிற்கும் நண்டுத்திட்டில் குடங்கள் வரிசையில் காத்திருக்கும். புது மோட்டார் வருகிறது என்று போனில் சொல்லியிருந்தான். அது பச்சைப் பொய்.

லோகு காண்ட்ராக்ட் ஃபிட்டராக வேலை பார்க்கும் கும்மிடிப்பூண்டிக் கம்பெனி, உப்புத்தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் மிஷினை மூன்று திட்டுகளுக்கும் ஒவ்வொன்று கொடுத்துவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போனது. போன மழையில் இரண்டு மோட்டார்கள் எரிந்தன. ஏழு முறை எழுதிக் கேட்டாகிவிட்டது. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார் மேனேஜர். தாகம் அடுத்த வருஷம் வரை பொறுக்குமா சார் என்று கேட்கத்தான் நினைத்தான். காண்ட்ராக்ட்காரனுக்கு அவ்வளவு நீள வாய் ஏது?

ஆக, உயிரோடு இருப்பது ஒரே ஒரு மோட்டார். அதைப் பத்து நாளைக்கு ஒரு திட்டு என்று மாற்றிக்கொண்டிருந்தான். ஆம்பளைகள் வலைக்கும் பெண்கள் மீன் விற்கவும் போன மதிய நேரமாகப் பார்த்துப் போவான். தன்னிடமிருக்கும் சாவியால் மிஷின் ஷெட்டைத் திறந்து, ஓடுகிற மோட்டாரைக் கழற்றிவிட்டு எரிந்த மோட்டாரை அதன் இடத்தில் மாட்டிவிடுவான். மிஷின் நின்றுபோச்சு என்று சாயந்தரம் போன் வரும். பார்ட்ஸ் வரணும் என்பான். முறை வந்ததும் அதே மோட்டார் ‘புதுசாக’ வந்து இறங்கும்.

கழற்றுவதில்தான் உயிராபத்து. ஷெட்டுக்குள் இருந்த சுவிட்சுகளை உப்பு தின்றுவிட்டது. கம்பத்துப் பெட்டியில் ஃபியூஸைப் பிடுங்கினால் யார் கண்ணிலாவது படும். கரண்ட் ஓடும்போதே கழற்றுவது என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டுதான் போவான். ஆனால் அவன் போகிற நேரமெல்லாம் கரண்ட் இருக்காது. திட்டுகளில் கரண்ட் போவது அதிசயமில்லை. அந்த ஒரு விஷயத்திலாவது தனக்கு அதிர்ஷ்டம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வான். இன்று மதியம் சங்குத்திட்டிலும் அப்படித்தான் ஆனது.

நண்டுத்திட்டில் ஷெட் சாவி வைத்திருக்கும் மணியம்மாள் முழங்கால் தண்ணீருக்குள் இறங்கி வந்து மோட்டாரை வாங்கிக்கொண்டாள். புதுசா என்றெல்லாம் அவள் கேட்கவில்லை.

“கல்பனா கொயந்திக்கு நாலு நாளா வயித்தால போவுது. மொத கொடம் அவளுக்கு,” என்றாள்.

லோகு மாட்டி முடித்தான். மிஷின் ஓடியது. நூலாக விழுந்த தண்ணீர் கம்பியாகத் தடித்தது. கல்பனா இடுப்பில் குழந்தையோடு குனிந்து குடத்தைப் பிடித்தாள். கால் குடம் நிறைந்திருக்கும். மோட்டாரின் சத்தம் மாறியது. லோகுவின் மூக்குக்கு விஷயம் முதலில் தெரிந்துவிட்டது. பின்னாலேயே புகை வந்தது.

மணியம்மாள் கம்பத்துக்கு ஓடி ஃபியூஸைப் பிடுங்கினாள். மிஷின் அடங்கியது. லோகு மூடியைக் கழற்றிப் பார்த்தான். உள்ளே சுருள் முழுக்கக் கருகியிருந்தது. ஏற்கெனவே இரண்டு முறை ரீவைண்டிங் செய்த மோட்டார், இனி எந்தக் கடையிலும் எடுக்கமாட்டார்கள்.

அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடித்தால் அடிக்கட்டும் என்று தோன்றியது.

“இது புதுசு இல்லமா. சங்குத்திட்டு மோட்டாரு. மதியம்தான் அவங்களுக்குத் தெரியாம கழட்டினு வந்தேன். போன மாசம் உங்களுதயும் அப்டித்தான் திருடினு போனேன். மூணு திட்டுக்கும் இருந்ததே இது ஒண்ணுதான். இப்போ அதுவும் பூட்ச்சி.”

கல்பனா கால் குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். மற்றவர்கள் காலிக் குடங்களை எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தியும் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சங்குத்திட்டுக்காரர்கள் முகத்தில் இனி எப்படி முழிப்பேன் என்று லோகு தரையைப் பார்த்துக் கேட்டான்.

பிடுங்கிய ஃபியூஸ் இன்னும் மணியம்மாள் கையிலேயே இருந்தது. அதைக் கருகிய மோட்டார் மேல் வைத்தாள்.

“மூணு திட்டுக்கும் தெரியும்பா. ஒம் பாயி தூரத்துல தெரிஞ்சதும் ஃபியூஸ புடுங்கி வச்சதே நாங்கதான்.”