வால்வை மூடுகிற பயிற்சி

நீச்சல்குளத்தில் நெஞ்சளவு தண்ணீரில் நின்றுகொண்டு, இன்னொரு முறை சிலிண்டர் வால்வை மூடச் சொன்னார், என்னிடம் பயிற்சிக்கு வந்தவர்.

ஸ்கூபா டைவிங் கற்றுக்கொடுக்க ஆரம்பித்த நாளிலிருந்து இதை இரண்டாம் முறை கேட்ட ஆளை நான் பார்த்ததில்லை.

மற்றதையெல்லாம் அரைக் காதால்தான் கேட்டார். முகக் கண்ணாடிக்குள் மூக்கும் சேர்ந்து இருக்கவேண்டும். ஜாக்கெட்டில் காற்றை ஏற்றினால் மேலே, இறக்கினால் கீழே. வாயில் கடித்திருக்கும் ரெகுலேட்டர்தான் உயிர், என்ன ஆனாலும் மூச்சை அடக்கக் கூடாது. எல்லோரும் சிரிக்கிற என் ஜோக்குகளுக்கும் மனுஷர் சிரிக்கவில்லை.

சிலிண்டரைத் தவிர எல்லாம் அவருடைய மகனின் சாமான்கள். மகனுக்குக் கடல் என்றால் பைத்தியமாம். ஜாக்கெட்டின் பட்டை தொப்பையைச் சுற்றி எட்டவில்லை. அப்பாவைக் கடலுக்கு இழுக்கிற பிள்ளை கொஞ்சம் பெரிய சைஸில் வாங்கித் தந்திருக்கலாமே என்று கிண்டல் செய்தேன். அவர் பட்டையை இழுத்துக்கொண்டிருந்தார்.

பயிற்சி இதுதான். தண்ணீருக்கடியில் முட்டி போட்டு உட்காரவேண்டும். முதுகில் இருக்கும் சிலிண்டரின் வால்வை நான் மூடுவேன். இரண்டு மூன்று மூச்சு சாதாரணமாக வரும். அப்புறம் இறுகும். அப்புறம் வராது. கழுத்தை அறுப்பதுபோலக் கையைக் காட்டினால் உடனே திறந்துவிடுவேன். காற்று தீர்வது எப்படி இருக்கும் என்று உடம்புக்குத் தெரியவேண்டும், அவ்வளவுதான்.

முதல் முறை அவர் சைகையை மறந்துபோய், என் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்தார். பயந்தவர்கள் எல்லோரும் செய்வதுதான்.

இரண்டாம் முறை கை மடியிலேயே இருந்தது. காற்று மீட்டரின் முள் பூஜ்யத்துக்கு இறங்கியது. குமிழிகள் நின்றன. நெஞ்சு எக்கி எக்கி அடங்கியது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், சைகை மட்டும் வரவில்லை.

நானே பதறிப்போய்த் திறந்துவிட்டேன்.

மேலே வந்ததும் திட்ட வாயெடுத்தேன். கண்ணாடிக்குள் மூக்கடியில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்தது. கசிகிற கண்ணாடி இல்லை அது, நான்தான் பார்த்துப் பார்த்து இறுக்கிவிட்டிருந்தேன்.

குளத்தோரத்து பெஞ்சில் அவர் மனைவி துண்டோடு காத்திருந்தார். வகுப்பு முழுக்கத் தண்ணீர்ப் பக்கமே திரும்பாதவர், கணவர் படியேறியதும் எழுந்து வந்தார்.

"எப்படிங்க இருந்துச்சு?"

அவர் துண்டில் முகத்தைப் புதைத்துத் துடைத்தார். நிமிர்ந்தபோது, அன்று முழுக்க நான் பார்க்காத சிரிப்பு ஒன்று முகத்தில் இருந்தது.

"ஒண்ணுமே தெரியலம்மா. லேசா தூக்கம் வர்ற மாதிரிதான் இருக்கு. நம்ம பிள்ளை கஷ்டப்பட்டிருக்க மாட்டான்."

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். நிஜம்தானா என்று கேட்கிற பார்வை.

ஜாக்கெட்டைப் பற்றி நான் அடித்த கிண்டல் ஞாபகத்துக்கு வந்தது. சுருட்டியிருந்த நீச்சல் சட்டையின் கையை நகத் தடம் மறைய மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, ஆமாம் என்று தலையாட்டினேன்.