கடைசி வரிசையில் ஒரு சிவப்புப் பொட்டு

தட்டைச் சாய்த்தாள்.

கடைசி வரிசையின் முதல் குழியில் சிவப்புப் பொட்டு ஒன்று மெல்ல வழிந்தது.

வழியக் கூடாது.

அந்த வரிசையில் இருந்தது அவளுடைய சொந்த ரத்தம்.

அந்த ஆய்வுக்கூடத்தில் அப்படி ஒரு வழக்கம். வேலைக்குச் சேருகிறவர்கள் முதல் நாளே ஒரு குழாய் ரத்தம் கொடுத்துவிட வேண்டும். கோழி, வாத்துப் பக்கமே போகாதவர்களின் ரத்தத்தைத்தான் பறவைக் காய்ச்சல் சோதனையில் ஒப்பிட்டுப் பார்க்க வைப்பார்கள். ஆளுக்கொரு முறை. இன்று அவள் முறை.

சோதனை ஒன்றும் பெரிய மாயம் இல்லை. குழிக்குள் செத்த இன்ஃப்ளூயன்சா ஏ வைரஸ், பறவைகளிடம் சுற்றுகிற வகை. அதன்மேல் சிவப்பணுக்கள். தடுக்க ஆளில்லை என்றால் வைரஸ் அந்த அணுக்களைப் பிடித்துக் குழி முழுக்க வலைபோல விரித்துவிடும். ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தால் வைரஸின் கையைக் கட்டிப்போடும். அணுக்கள் அடியில் விழுந்து பொட்டாக நிற்கும்; தட்டைச் சாய்த்தால் வழியும்.

அந்த வைரஸை என்றைக்கோ ஒரு நாள் சந்தித்த உடம்பில்தான் அந்த எதிர்ப்பொருள் இருக்கும்.

மேல் வரிசைகளில் கோழிக்கடைக்காரர்களின் ரத்தம். அங்கே பொட்டு வந்தால் நியாயம்.

தன் கைதான் தவறு செய்திருக்கும் என்று நினைத்தாள். புதுத் தட்டு எடுத்தாள். கூடவே ஆய்வுக்கூடத் தலைவி எமல்டா மேடத்தின் ரத்தத்தையும் ஒரு வரிசையில் வைத்தாள். அரை மணி நேரம் காத்திருந்தாள்.

மேடத்தின் குழிகளில் வலை.

அவளுடைய குழிகளில் பொட்டு. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அரைகுறையாக அல்ல, அழகாக.

அப்படியானால் தட்டில் கோளாறு இல்லை. கோளாறு படிவத்தில்.

சேர்ந்த அன்று நிரப்பிய படிவம். கோழி வளர்க்கும் அல்லது விற்கும் இடத்தில் இருந்ததுண்டா என்ற கேள்விக்கு, முத்து முத்தான கையெழுத்தில், இல்லை என்று எழுதியிருந்தாள்.

அப்பா என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால் பிசினஸ் என்று சொல்லி முடித்துவிடுவாள். சொந்த ஊர் பரமத்தியில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் கோழிக்கடையைப் பற்றி இந்த ஊரில் ஒரு ஆளுக்கும் தெரியாது. பள்ளிவிட்டு வந்து, கூண்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து அவள் வீட்டுப்பாடம் எழுதியதும் தெரியாது. வெட்கம்தான். வேறு என்ன.

போன வருடம் ஒருவன் சோதனை முடிவில் ஒரே ஒரு எண்ணைத் திருத்தியதற்காக மேடம் அன்றைக்கே அவனை வீட்டுக்கு அனுப்பினார். பொய் எழுதியவளை வைத்துக்கொள்வாரா?

தப்பிக்க வழி இருந்தது. தன் குழாயைக் குப்பையில் போட்டுவிட்டு, ரத்தம் கெட்டுப்போயிற்று என்று சொன்னால் போதும். யாரும் கேட்கப்போவதில்லை.

குழாயைக் கையில் எடுத்தாள்.

ஆனால் எப்போது?

பொட்டை மறுபடியும் பார்த்தாள். எந்த வருடம் இது உள்ளே வந்தது? எட்டாம் வகுப்புக் காய்ச்சலா? காலாண்டுப் பரீட்சையைக்கூட எழுதவிடாமல் படுக்க வைத்ததே, அதுவா? கோழியிடமிருந்து வந்ததா, வீட்டில் யாரிடமிருந்தாவது தொற்றியதா? கோழியிடமிருந்து மனிதனுக்கு, மனிதனிடமிருந்து மனிதனுக்கு. அந்த இரண்டாவது அடியைத்தானே உலகம் முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

குழாயைத் திரும்ப வைத்தாள். பயத்தைவிடத் தெரிந்துகொள்ளும் அரிப்பு பெரிதாக இருந்தது.

கையுறையோடு போனைத் தொடக் கூடாது. அலமாரியில் சாய்த்து வைத்திருக்கும் போனை முழங்கையால் தட்டி, ஸ்பீக்கரில்தான் எல்லோரும் பேசுவார்கள். அவளுக்குப் பழகிப்போயிருந்தது. அதனால் யோசிக்கவே இல்லை. தட்டினாள்.

அப்பா எடுத்தார்.

"அப்பா, நான் எட்டாவது படிக்கறப்ப ஒரு காச்சல் வந்துச்சுங்களே. நம்ம வீட்ல மொதல்ல யாருக்குங்க வந்துச்சு?"

"மொதல்ல கோழிகளுக்குத்தான் கண்ணு. அப்பறம் உனக்கு. உனக்குக் கொறஞ்சதும் உங்கம்மாளுக்கு. உங்க ரெண்டு பேரையும் வெச்சுட்டு ஆஸ்பத்திரியே கதின்னு கெடந்தேன்ல, எனக்கு மட்டுந்தான் வரல."

அவர் குரலுக்குப் பின்னால் கோழிகள் கொக்கரித்தன. யாரோ அரைக் கிலோ கேட்டார்கள், தோல் உரித்து.

ஆய்வுக்கூடம் முழுக்கக் கேட்டது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

பின்னால் தன் மேசையிலிருந்து எமல்டா மேடம் எழுந்து வந்தார். தட்டைக் கையில் வாங்கி, சாய்த்துப் பார்த்தார். பிறகு ஃபைலை எடுத்து அவளுடைய படிவத்தைத் தேடிப் பிரித்தார். அந்த "இல்லை"யை வெகு நேரம் படித்தார். ஒரு சொல்லைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது.

பிறகு நாற்காலியைப் போன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

அந்த வாரம் எத்தனை கோழி செத்தது என்று ஐயாவுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். குழந்தைக்கு எத்தனையாவது நாளில் காய்ச்சல் என்றும், அம்மாவுக்கு எத்தனையாவது நாளில் என்றும் கேட்டார்.

அந்தப் பக்கம் கத்திச் சத்தம் நின்றது.

"யாரு கண்ணு பேசறது?"

அவள் போன் பக்கம் குனிந்தாள்.

"எங்க மேடமுங்கப்பா. நம்ம கோழிக்கடையப் பத்திக் கேக்கறாங்க. சொல்லுங்க."

அப்பா சொல்ல ஆரம்பித்தார்.

மேடம் எழுதிக்கொண்டிருந்தார். அவள் தன் குழாயை எடுத்தாள். கோழிக்கடைக்காரர்களின் நாற்பது குழாய்கள் நின்றிருந்த தாங்கியில், கடைசிக் குழாய்க்குப் பக்கத்தில், ஓர் இடம் காலியாக இருந்தது.