ராஜாவின் இடுப்புப் பட்டை

ஜவுளிக்கடை வாசலில் மோட்டாரில் குனிந்து வணக்கம் வைக்கும் ராஜா பொம்மைக்கு இடுப்புக்குள் இருந்த உலோகப் பட்டை முறிந்துவிட்டது. சரியாகும்வரை அதேபோல் ஒரு கிரீடத்தையும் மீசையையும் மாட்டிக்கொண்டு நான் குனிய வேண்டும் என்றார் முதலாளி. என் வேலை பில் போடுவது. ஆனால் என் தொப்பை பொம்மையின் தொப்பை அளவுக்கே இருந்தது.

விடுதலை வேண்டி நானே பட்டறைக்கு ஓடினேன். இரும்புப் பட்டை சற்று நேரம் தாங்கி முறிந்தது. அலுமினியம் வளைத்த இடத்திலேயே படுத்துக்கொண்டது. பட்டறைக்காரர் இன்னொன்றை நீட்டினார்.

"ஸ்பிரிங் பட்டைண்ணே. எத்தன தடவ வளைச்சாலும் கோவிச்சுக்காது."

மத்தியானம் முழுக்க வளைத்துப் பார்த்தேன். கோபித்துக்கொள்ளவில்லை. வாங்கி வந்தேன்.

அதை மாட்டியதும் பொம்மை அழகாகக் குனிந்து அழகாக நிமிர்ந்தது. நான் மீசையைப் பிய்க்கப் போனேன்.

"இருக்கட்டும் சபாபதி," என்றார் முதலாளி. "அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணுன்னு இப்பதான் வாசலுக்கே ஒரு களை வந்திருக்கு. அது குனியறப்பவே நீங்களும் குனிஞ்சிடுங்க. முன்னபின்ன ஆனா அசிங்கமா இருக்கும்."

சாயங்காலக் கூட்டம் வரத் தொடங்கியது. அது குனிந்தது, நானும் குனிந்தேன். அது நிமிர்ந்தது. நான் நிமிர்வதற்குள் மறுபடியும் குனிந்துவிட்டது.

"ராஜா, கொஞ்சம் மெதுவாப்பா," என்றேன் மீசைக்குள்ளிருந்து.

அது மிகப் பணிவாகக் குனிந்தது.