மணிமச்சில் ஒரு தட்டல்

டொக்.

மறுபடியும் மேலே, மணி தொங்கும் மச்சிலிருந்துதான். கோயிலில் ஒருவரும் மூச்சுக்கூட விடவில்லை.

பிரசங்கம் வாசித்துக்கொண்டிருந்த உபதேசியார் ஹொக்னி மட்டும் அசரவில்லை. வாசிப்பை நிறுத்தினான், கண்ணைக் கசக்கினான், தப்பாகப் படித்த வரியைத் திருத்தி வாசித்தான்.

சுன்வாவுக்கு முதுகு சில்லிட்டது. இருக்காதா பின்னே? அது யாருடைய தட்டல் என்று அந்த ஃபாரோ தீவில் ஞானோபதேச வகுப்பில் உட்கார்ந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

போதகர் அங்கே மாதம் ஒருமுறை படகில் வந்தால் உண்டு. மற்ற ஞாயிறுகளில் உபதேசியார்தான் புத்தகத்தைப் பார்த்துப் பிரசங்கம் வாசிக்க வேண்டும். பழைய உபதேசியார் டான்யல், வகுப்பில் யார் தப்பாகச் சொன்னாலும் வாயைத் திறக்கமாட்டார். விரல் முட்டியால் பலகையில் ஒரே ஒரு தட்டு, அவ்வளவுதான். ஹொக்னி பொறுப்புக்கு வந்த பிறகும் முன்பெஞ்சில் உட்கார்ந்து தட்டித் தட்டித்தான் அவனைத் திருத்தினார்.

அந்த டான்யலைக் கோயிலுக்குப் பின்னால் புதைத்து ஒரு குளிர்காலமும் போய்விட்டது. முன்பெஞ்சு காலி. தட்டல் மட்டும் நிற்கவில்லை.

ஆராதனை முடிந்து பெண்கள் வாசலில் கூடினார்கள். எதிரே நிற்கிற ஆள் தெரியாத அளவுக்கு மூடுபனி.

"இன்னைக்கும் தட்டுச்சுக்கா," என்றாள் மார்யூன். "அந்த ஹொக்னி பயப்படவே மாட்டேங்கிறான், பார்த்தீங்களா? தட்டுனதும் மேல பார்த்துத் தலையை வேற ஆட்டுறான்!"

"செத்தவங்களோட சகவாசம் வச்சிருக்கான். வேதம் அதைப் பத்தி என்ன சொல்லுதுன்னு தெரியுமில்ல?" சபைக் கமிட்டித் தலைவி ஆயிற்றே, சுன்வாவின் குரலில் அது இருந்தது. "அடுத்த ஞாயிறு நானே மச்சுல ஏறிப் பார்க்கறேன். அன்னைக்கே கமிட்டியைக் கூட்டி அவனை வேலையை விட்டு எடுத்துடறேன்."

"ஐயோ, மணிமச்சுக்கா? தனியாவா?"

"மனசு சுத்தமா இருக்கறவளுக்கு என்னடி பயம்?"

அவள் கணவர் ஹானுஸ் வழக்கம்போல அவளுக்குப் பிறகுதான் வீட்டுக்கு வந்தார். முழங்காலெல்லாம் தூசி. சுன்வா பிடித்துக்கொண்டாள்.

"வந்தாச்சா? ஊரே கோயில்ல இருக்கு, ஐயாவுக்கு மட்டும் படகுக் கொட்டகை! டான்யல் உங்களைத்தானே உபதேசியாருக்குத் தயார் பண்ணாரு? அத்தனை பாடத்தையும் வரி வரியா மனசுல ஏத்தினாரே! தொண்டையில ஆபரேஷன், குரல் போச்சு. சரி. அதுக்காக ஆண்டவர்கிட்டயே கோவமா? உங்க இடத்துல ஹொக்னி நிக்கறதைப் பார்க்க வயித்தெரிச்சல். வேற என்ன?"

ஹானுஸ் மேஜைக்குப் போனார். காய்ந்த ஆட்டிறைச்சியை மெல்லிசாகச் சீவி அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"இந்தத் தாஜாவெல்லாம் வேண்டாம்," என்றாள். ஆனால் சாப்பிட்டாள்.

அடுத்த ஞாயிறு, இரண்டாவது பாட்டுக்கு எல்லோரும் எழுந்தபோது சுன்வா மெதுவாக வெளியே நழுவினாள். மச்சுக்குப் போகும் ஏணி முன்கூடத்தில் இருந்தது. அங்கே காற்றே இல்லை. ஆனால் மணிக்கயிறு லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

'கர்த்தாவே, கூட இரும்,' என்று முணுமுணுத்துக்கொண்டு ஏறினாள். மேலே கும்மிருட்டு. இருட்டுக்குள் ஏதோ சீறியது. துளை வழியாகக் காற்று போய் வருகிற மாதிரி, விட்டு விட்டு. ஏணியிலேயே நின்றுவிட்டாள்.

சற்று நேரம் கேட்டபிறகுதான் உறைத்தது. அது அவள் தினமும் பக்கத்தில் படுத்துக் கேட்கிற, தொண்டைத் துளையில் ஓடும் மூச்சு.

பலகை இடுக்கில் கீழேயிருந்து வெளிச்சம் வந்தது. ஹானுஸ் மண்டியிட்டு, இடுக்கில் காதை வைத்திருந்தார். உதடு மட்டும் அசைந்தது. கீழே ஹொக்னி வாசிக்கும் வார்த்தையை இவர் உதடு ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லிக்கொண்டு போனது. வலது கை முட்டி மடங்கித் தயாராக இருந்தது.

அவளைப் பார்த்ததும் விறைத்துப்போனார். கீழே கை காட்டினார். தன் கண்ணைத் தொட்டு, விரல்களை நடுங்க விட்டுக் காட்டினார். ஹொக்னியின் கண்ணுக்கு எழுத்து ஒரு இடத்தில் நிற்காது, ஆடும். பிறகு உதட்டில் விரலை வைத்துக் கெஞ்சினார். ஊருக்குத் தெரிந்தால் அவனை யார் மதிப்பார்கள்?

அப்போது கீழே ஹொக்னியின் குரல்.

"தேவன் நல்லவர்களுக்காகத் தம்முடைய குமாரனைத் தந்தார்…"

தப்பு. ஹானுஸின் உதடு வேறு வார்த்தையைத்தான் சொன்னது. ஆனால் கை இறங்கவில்லை. மனைவி முகத்தையே அவர் பார்க்க, கை அந்தரத்தில் நின்றது. ஹொக்னி வாசிப்பை நிறுத்தித் தட்டலுக்காகக் காத்திருந்தான். தட்டல் வரவில்லை. பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது.

சுன்வாவும் டான்யலிடம் படித்தவள்தான். சரியான வார்த்தை அவளுக்கும் தெரியும். தெரிந்த வார்த்தை அன்றைக்குத்தான் சுட்டது. தூசியில் மண்டியிட்டாள். விரலை மடக்கினாள்.

டொக்.

"…பாவிகளுக்காகத் தந்தார்," என்று திருத்தினான் ஹொக்னி.

ஆராதனை முடிந்ததும் வாசலில் மார்யூன் ஓடிவந்தாள். "மேல யாருக்கா? பார்த்தீங்களா? கமிட்டியைக் கூட்டச் சொல்லட்டுமா?"

"கமிட்டியெல்லாம் வேணாம்டி." சுன்வா முழங்கால் தூசியைத் தட்டிவிட்டாள். "டான்யலோட தட்டுதான், சந்தேகமே இல்ல. இன்னைக்கு எனக்கும் ஒண்ணு விழுந்துச்சு."